திமிரியும் பாரியும்

ஆண்டுதோறும் ஜ்யேஷ்ட மாதத்தில், தேஹூவிலிருந்து புறப்படும் துக்காராம் மகராஜின் பல்லக்கு நம் நிக்டியைக் கடந்துதான் ஆகுர்டி விட்டல் கோயிலுக்குச் செல்கின்றது. பக்தி-சக்தி சதுக்கத்தில் நின்று அதனைத் தரிசிக்காத தமிழ்க் குடும்பம் இங்கே குறைவு. பஜனை கோஷ்டிகளின் தாள ஒலி செவிக்கு எட்டுமுன் துதாரியின் ஒலி எட்டி விடும். வளைந்த பித்தளைக் குழல் அது. நம் ஊர்க் கோயில்களில் கொம்பு என்கின்றோமே, அதன் உடன்பிறப்பு. அதில் ராகம் வாசிக்க இயலாது. இரண்டு மூன்று ஸ்வரங்களுக்கு மேல் அதற்குப் பேச்சில்லை. ஆயினும் அதனைக் கேட்டதும் தெருவில் நிற்போர் அனைவரும் தலையைத் திருப்புகின்றனர். ஊதுகுழல் எதுவாயினும், தொலைவில் இருப்பவனைக் கூப்பிடுவதே அதன் ஆதி வேலை.

நம் வீட்டு விசேஷங்களில் அந்த வேலையைச் செய்வது நாகஸ்வரம். நாதஸ்வரம் என்றும் சொல்கின்றார்கள்; கிராமத்தில் நாயனம் என்பார்கள். எந்தப் பெயரால் அழைத்தாலும் அது இல்லாமல் தாலி ஏறுவதை நம் மனம் ஒப்புவதில்லை. ஆனால் பிம்ப்ரி-சிஞ்ச்வட் பகுதியில் நடக்கும் நம்மவர் கல்யாணங்களில், மேளக்காரர் அமர வேண்டிய இடத்தில் இப்போது பெரும்பாலும் ஓர் ஒலிபெருக்கிதான் நிற்கின்றது. கைப்பேசியில் கெட்டி மேளம் தயாராக இருக்கின்றது. தஞ்சைப் பக்கத்திலிருந்து ஒரு கோஷ்டியைத் தருவிப்பதென்றால் ரயில் கட்டணம், சம்பாவனை, தங்குமிடம் என்று செலவு ஏறுவது வாஸ்தவம். யாரையும் குறை சொல்வதற்கில்லை. செலவு செய்து தருவிப்பவர்களாவது எந்த நாயனத்தைத் தருவிக்கின்றோம் என்று ஒரு வார்த்தை கேட்கின்றார்களா? நாகஸ்வரம் என்பது ஒரே வாத்தியம் அன்று. அதில் திமிரி என்றும் பாரி என்றும் இரு வகை உண்டு. இவ்விரண்டையும் அருகருகே வைத்துக் கேட்கும் வாய்ப்பு அண்மையில் நமக்குக் கிடைத்தது. அதனைப் பற்றித்தான் இந்த மாதம் எழுதுகின்றோம்.

முதலில் வாத்தியத்தின் அங்கங்களைச் சொல்லி விடுவோம். நீண்ட மரக்குழலுக்கு உலவு என்று பெயர். மேலே குறுகிக் கீழே விரியும் கூம்பு வடிவம் அதன் துவாரத்துக்கு. அடியில் விரிந்த மலர்போல் பொருத்தப்படுவது அணசு. மேல்முனையில் கெண்டை என்னும் சிறு உலோகக் குழாய், அதன்மீது சீவாளி. சீவாளிதான் இந்த வாத்தியத்தின் நாக்கு. நதிக்கரைகளில் வளரும் நாணல் தட்டையை வேகவைத்து, உலர்த்தி, நறுக்கி, ஒன்றன்மேல் ஒன்றாகப் படியும் இரண்டு இதழ்களாக ஆக்கிக் கட்டுகின்றார்கள். வித்துவான்கள் வாத்தியத்தில் ஒரு கொத்துச் சீவாளிகளையும் தந்த ஊசி ஒன்றையும் கயிற்றில் தொங்க விட்டிருப்பதை வாசகர்கள் பார்த்திருக்கலாம். அவை அலங்காரத்துக்காக அல்ல. ஒரு கச்சேரிக்குள்ளேயே சீவாளியை மாற்ற நேரும். ஊசியால் அதன் வாயைத் திறந்து சரி செய்ய நேரும்.

உலவில் விரல் வைத்து வாசிக்கும் துளைகள் ஏழு. அவற்றின் கீழே இன்னும் ஐந்து துளைகள் உண்டு. அவற்றில் விரல் படாது. மெழுகால் அவற்றைச் சிறிது அடைத்தும் சிறிது திறந்தும் சுருதியைச் சரி செய்து கொள்வார்கள். இந்த மெழுகைப் பற்றிப் பின்னால் ஒரு சங்கதி வரும்.

திமிரி குட்டையானது, சுமார் ஒன்றரை அடி. சுருதி உயரம்; நாலரை, ஐந்து கட்டை. பாரி நீளமானது, இரண்டரை அடியை எட்டும். சுருதி இரண்டு, இரண்டரைக் கட்டை. நடுவில் இடைபாரி என்ற ஒன்றும் உண்டு. இரண்டு கட்டைக்கும் ஐந்து கட்டைக்கும் உள்ள தூரம் ஒரு சுத்த மத்திமத்தின் தூரம். அதாவது, பாரியின் மத்திமம் எங்கே இருக்கின்றதோ அங்கே திமிரியின் ஷட்ஜம் தொடங்குகின்றது. வீட்டில் வீணையோ ஹார்மோனியமோ இருப்பவர்கள் இவ்விரண்டு ஸ்வரங்களையும் ஒலித்துப் பார்த்தால் வித்தியாசம் எவ்வளவு என்று விளங்கும்.

நம் பாட்டனார்களின் காலத்தில் கோயில்களிலும் வீதிகளிலும் ஒலித்தது திமிரி. இன்று மேடைகளிலும் மண்டபங்களிலும் நாம் கேட்பது பெரும்பாலும் பாரி. இந்த மாறுதலுக்குக் காரணமாக இரண்டு பெயர்களைச் சொல்ல வேண்டும். ஒருவர் திருவாவடுதுறை டி. என். ராஜரத்தினம் பிள்ளை (1898–1956). மற்றவர் கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் இடையே உள்ள நரசிங்கம்பேட்டையில் நாகஸ்வரம் கடைந்த ரங்கநாதன் ஆசாரி. முன்னவர் பெயரை அறியாத தமிழர் இல்லை. பின்னவர் பெயரை அறிந்த தமிழர் எத்தனை பேர்? வாசிப்பவருக்குப் பொன்னாடை போர்த்தும் கைகள், செய்பவரின் பட்டறை வாசல்வரை செல்வது அபூர்வம்.

இவ்விருவரும் சேர்ந்து தீர்த்த சிக்கல் சுத்த மத்திமம். பழைய திமிரியில் அந்த ஸ்வரம் இயல்பாக நேர்மையாகப் பேசாது. வித்துவான் தம் உதட்டாலும் மூச்சின் அழுத்தத்தாலும் அதனை இழுத்துப் பிடித்துச் சரியான இடத்தில் நிறுத்த வேண்டும். கல்யாணி போன்ற பிரதி மத்திம ராகங்களில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் தோடி, சங்கராபரணம், கரஹரப்பிரியா எல்லாம் சுத்த மத்திமம். தோடி என்றால் ராஜரத்தினம், ராஜரத்தினம் என்றால் தோடி என்று உலகம் சொன்ன மனிதருக்கு அந்த ஒரு ஸ்வரம் எவ்வளவு முக்கியமாக இருந்திருக்கும்! ரங்கநாதன் ஆசாரி குழலின் நீளத்தையும் துளைகளின் இடத்தையும் மாற்றி மாற்றிக் கடைந்து, சுத்த மத்திமம் தானாகவே சரியாகப் பேசும் பாரியை உருவாக்கினார். ராஜரத்தினம் பிள்ளை அதனை எடுத்துக்கொண்டு மேடையில் அமர்ந்தார். ஒத்துக்குப் பதிலாகத் தம்புராவை அருகில் வைத்துக் கொண்டார். அவருடைய சீடர் காருகுறிச்சி அருணாசலம் (1921–1964) அந்த வழியிலேயே சென்றார். 1962-இல் வெளிவந்த ‘கொஞ்சும் சலங்கை’யில் எஸ். ஜானகியின் குரலோடு அவர் நாகஸ்வரம் இழைவதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நம்மிடையே பலர் உண்டு.

இனி நமக்குக் கிடைத்த வாய்ப்பைப் பற்றி.

பிராதிகரணில் உள்ள ஒரு குடும்பத்தினரின் வீட்டில் பழைய தகரப் பெட்டி ஒன்று இருக்கின்றது. அந்த வீட்டு மூதாட்டியாரின் மாமனார் கும்பகோணத்துப் பக்கம் ஒரு கோயிலில் நாயனம் வாசித்தவர். அவர் மகன் பிம்ப்ரியில் தொழிற்சாலை வேலைக்கு வந்தார். பேரன் இன்று ஹிஞ்ஜவாடியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கின்றார். மாமனாரின் நாயனம் பழைய வேஷ்டி ஒன்றில் சுற்றப்பட்டு, 40 ஆண்டுகளுக்கு மேல் பெட்டிக்குள் கிடந்தது. வீட்டை மாற்றிக்கொண்டு சிறிய குடியிருப்புக்குச் செல்லும் யோசனை வந்தபோது பெட்டி திறக்கப்பட்டது. பழம்பொருள் வாங்கும் ஒருவர் வந்து பார்த்து, நல்ல விலை தருவதாகச் சொல்லியிருக்கின்றார். வாங்கி என்ன செய்வீர்கள் என்று மூதாட்டியார் கேட்டாராம். அடியில் மின்சாரக் கம்பி செலுத்தி, மேலே துணிக் கூண்டு வைத்தால் அருமையான மேசை விளக்கு ஆகும் என்பது பதில். அன்றிரவு அந்த அம்மாளுக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் சங்கத்து அன்பர் ஒருவருக்குத் தொலைபேசி வந்தது.

நல்ல வேளையாக, அந்தத் தை மாதத்தில் சிஞ்ச்வட் மங்கள கார்யாலயம் ஒன்றில் நடந்த கல்யாணத்துக்குத் தஞ்சை மாவட்டத்து வித்துவான் ஒருவர் வந்திருந்தார். முகூர்த்தம் முடிந்த மாலையில் அவரை வீட்டுக்கு அழைத்து வந்தோம். அவரிடம் இரண்டு பாரிகள் இருந்தன. ஒன்று அவருடைய குருநாதர் வாசித்தது. சுமார் 60 ஆண்டுப் பழமை. மற்றொன்று அவரே ஐந்து ஆண்டுகளுக்கு முன் செய்வித்துக் கொண்டது. இரண்டும் நரசிங்கம்பேட்டையில் பிறந்தவை. வேஷ்டியை அவிழ்த்து மூதாட்டியார் நீட்டிய வாத்தியத்தை அவர் இரு கைகளாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக் கொண்டார். “திமிரி, அம்மா. இதைக் கையில் எடுத்து எத்தனையோ வருஷம் ஆயிற்று” என்றார்.

உடனே வாசித்து விட்டார் என்று எழுத ஆசைதான். நடந்தது அப்படி அன்று. முதலில் சீவாளி. பாரிக்குரிய சீவாளி திமிரிக்கு ஒத்து வராது, சிறியதாக வேண்டும். அவருடைய கொத்தில் இருந்த ஒன்றைச் செதுக்கிப் பார்த்தார். பிறகு ஊதினார். வந்தது நாதம் அன்று, காற்றுத்தான். கீழ்த் துளைகளில் இருந்த பழைய மெழுகு காய்ந்து உதிர்ந்து போயிருந்தது. வீட்டுக் குழந்தை தீபாவளிக்கு வாங்கிய மெழுகுவத்தியில் மிஞ்சியதைக் கொண்டு வந்து கொடுத்தது. வித்துவான் அதனை விரலில் உருட்டி உருட்டி ஒட்டினார், கிள்ளினார், மறுபடி ஒட்டினார். அரை மணி நேரத்துக்குமேல் ஆயிற்று. பிறகு ஷட்ஜம் பேசியது. மூதாட்டியார் புடைவைத் தலைப்பை வாயில் வைத்துக் கொண்டு உள்ளே போய் விட்டார்.

அதன்பின் நாங்கள் ஒரு சிறு சோதனை செய்தோம். பழையது என்றாலே உயர்ந்தது என்ற எண்ணம் நமக்கு உண்டு. மேல்நாட்டிலும் இதே எண்ணந்தான். ட்ரம்பெட் வாசிப்பவர்களிடம் பேசினால், வின்சென்ட் பாக் என்பவரின் பட்டறை நியூயார்க்குக்கு அருகே மவுண்ட் வெர்னனில் இருந்தபோது, அதாவது 1953 முதல் 1960-களின் நடுப்பகுதி வரை, செய்த குழல்களுக்கு ஈடு இல்லை என்பவர்கள் இருக்கின்றார்கள். பாரிஸ் நகரத்துப் பெஸ்ஸான் குழல்களைத் தேடி அலைபவர்களும் உண்டு. அது பித்தளை, மரத்தைப்போல் உலர்ந்து பதப்படுவதற்கு அதில் ஒன்றும் இல்லை. இருந்தும் பழையதில் காற்று தடையின்றிச் செல்கின்றது, புதியது முரண்டு பிடிக்கின்றது என்று சத்தியம் செய்கின்றார்கள். வயலினில் இந்த நம்பிக்கையைச் சோதித்தே பார்த்திருக்கின்றார்கள். 2010-இல் அமெரிக்காவில் இண்டியானாபொலிஸ் நகரில், 21 வயலின் கலைஞர்களின் கண்களை மறைத்து, ஸ்ட்ராடிவாரியின் கைவேலை உட்பட மூன்று பழைய வயலின்களையும் மூன்று புதியவற்றையும் கொடுத்து வாசிக்கச் சொன்னார்கள். மிகுதியாக விரும்பப்பட்டது ஒரு புதிய வயலின். எல்லாவற்றிலும் பின்தங்கியது ஒரு ஸ்ட்ராடிவாரி!

ஆகவே நாங்களும் எண்மர் சுவரைப் பார்த்து அமர்ந்து கொண்டோம். வித்துவான் பழைய பாரியிலும் புதிய பாரியிலும் அதே கரஹரப்பிரியாவை மாற்றி மாற்றி வாசித்தார். எது பழையது என்று நாங்கள் சொல்ல வேண்டும். முதல் தடவை ஐவர் சரியாகச் சொன்னோம், மூவர் தவறினார்கள். மறுதடவை சங்கராபரணம், அப்போது மூவர்தான் சரி, ஐவர் தவறு. இதில் 30 ஆண்டுகளாக டிசம்பர் சீஸனுக்குச் சென்னை சென்று வருபவரும் தவறினார் என்பதைப் பெயர் சொல்லாமல் குறிப்பிடுகின்றோம். பிறகு வித்துவானின் கண்ணைக் கட்டி, அவருடைய சிஷ்யப் பிள்ளை வாத்தியத்தைக் கையில் கொடுத்தான். விரல் வைக்கும் தேய்மானத்தில் அடையாளம் தெரிந்து விடக் கூடாதென்று, அவர் வாய் வைத்து ஒரே ஒரு ஸ்வரம் ஊத, பிள்ளையே குழலைத் தாங்கிக் கொண்டான். ஆறு தடவையும் அவர் தவறவில்லை.

இது எப்படி என்று கேட்டோம். “உங்களுக்குக் காதில் கேட்கிறது, எனக்கு உதட்டிலும் பல்லிலும் கேட்கிறது. புதியது நம்மை இழுத்துக் கொண்டு போகும். பழையது நாம் நினைத்த இடத்தில் வந்து நிற்கும்” என்றார். கமகத்துக்கு மூச்சைச் சற்றே தளர்த்தினால் பழைய குழல் உடனே இணங்குகின்றதாம். புதிய குழலுக்கு இன்னும் கொஞ்சம் சொல்லிப் புரிய வைக்க வேண்டுமாம். முதல் அரை மணியில் ரசிகனுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. நான்காவது மணி நேரத்தில், ஒரு வித்துவானின் உதடு தளர்ந்து மற்றவரின் உதடு தளராதிருக்கும்போது தெரிய வரும். இது நமக்கு ஏற்றுக்கொள்ளத் தக்கதாகவே பட்டது. பழைய வாத்தியத்தின் அருமை கேட்பவன் காதைவிட வாசிப்பவன் உடம்பில்தான் அதிகம் இருக்கின்றது. ஆகையால் அதனை அளக்க வேண்டியவரும் அவரே. விலை பேச வருபவர் அல்லர்.

திமிரியின் கதை வேறு. அதற்குச் சுவரைப் பார்த்து உட்கார வேண்டிய அவசியமே இல்லை. அந்தச் சிறிய கூடத்தில் கம்பீர நாட்டையில் மல்லாரி எடுத்தாரோ இல்லையோ, ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன; கைக்குழந்தை அழுதது. உண்மையைச் சொல்லப் போனால் எங்களில் சிலருக்குக் காதைப் பொத்திக் கொள்ளலாமா என்றிருந்தது. மாடி வீட்டு மராத்திய நண்பர் இறங்கி வந்து, “சனயி வாசிப்பது யார்?” என்று விசாரித்தார். அவர் கேட்டதும் பொருத்தமே. மகாராஷ்டிரத்துக் கல்யாணங்களில் சௌகடாவோடு ஒலிக்கும் சனயியும் இரட்டை நாக்குக் குழல்தான்; அளவில் திமிரிக்கு நெருக்கம். அக்கல்கோட் பக்கத்தில் சுந்தரி என்ற இன்னும் சிறிய குழலும் உண்டு. சனயியின் அடி பெரும்பாலும் உலோகம். நம் அணசு மரம். சனயியின் நாதத்தில் ஒரு நயமான கூர்மை. நாயனத்தில் ஒரு விரிந்த முழக்கம். புணேயில் நடக்கும் சவாய் கந்தர்வ சங்கீத விழா ஷெனாய் இசையோடு தொடங்கும் வழக்கம் உடையது. அங்கே சென்று கேட்கும் நம்மவர் இந்த ஒற்றுமை வேற்றுமைகளைக் கவனிக்கலாம். ஒரு விஷயம் நினைத்தால் வேடிக்கையாக இருக்கின்றது. 1676-ஆம் ஆண்டளவில் இந்தப் புணே ஜாகீர் குடும்பத்தைச் சேர்ந்த ஏகோஜி தஞ்சைக்கு அரசரானார்; அவர் வழியினர் 1855 வரை அங்கே இருந்தார்கள்; நாயனமும் பரதமும் அந்த அரண்மனையில் வளர்ந்தன. அவர்கள் இங்கிருந்து அங்கே போனார்கள். நாம் அங்கிருந்து இங்கே வந்தோம்.

கூடத்தில் காதைத் துளைத்த திமிரியை வித்துவான் மொட்டை மாடிக்கு எடுத்துச் சென்றார். நாங்கள் கீழே இறங்கித் தெருவில் நடந்தோம். முதலில் அவர் பாரியை வாசித்தார். இரண்டாவது கட்டடம் வரை இனிமையாகக் கூடவே வந்தது. மூன்றாவது கட்டடத்தில், ஸ்கூட்டர்களும் பஸ்களும் செல்லும் இரைச்சலில் கரைந்து விட்டது. பிறகு திமிரி. பழைய மும்பை சாலை தெரியும் மூலைவரை நடந்தோம். அங்கேயும் ஒவ்வொரு ஸ்வரமும் தனித் தனியாகக் கேட்டது. அதுமட்டுமன்று, அருகில் இருந்தபோது உறுத்திய கூர்மை தொலைவில் மறைந்து, கனிந்து, மணிபோல் வந்தது. பூ விற்றுக் கொண்டிருந்த பெண்மணி எந்தக் கோயிலில் உற்சவம் என்று மராத்தியில் கேட்டாள்.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. வாகன இரைச்சலின் பெரும்பகுதி தாழ்ந்த ஒலி. மனிதனின் செவியோ வினாடிக்கு 2000 முதல் 5000 அதிர்வுகள் வரை உள்ள உயர்ந்த ஒலிகளுக்கு மிகவும் கூர்மையானது. குட்டையான குழலின் பலம் அந்த எல்லையில் மிகுதியாக விழுகின்றது. நீண்ட குழலின் பலம் கீழே படிகின்றது. ஒலிபெருக்கி இல்லாத காலத்தில், கோபுர வாசலில் வாசித்தால் அக்கிரகாரத்துக் கடைசி வீட்டிலும் குடியானவர் தெருவிலும் சுவாமி புறப்பாடு தெரிய வேண்டும். அதற்கென்றே அமைந்தது திமிரி. பாரி வந்த காலமும் மைக் வந்த காலமும் ஏறக்குறைய ஒன்று என்பதை மறக்கக் கூடாது. மைக் தொலைவைக் கவனித்துக் கொண்டது. வாத்தியம் சுகபாவத்தைக் கவனித்துக் கொண்டது.

விரல்களுக்கும் இரண்டும் ஒன்றல்ல. திமிரியில் துளைகள் நெருங்கி இருப்பதால் விரலடி மின்னல்போல் ஓடுகின்றது. துத்துக்காரம் பொறி பறக்கின்றது. பாரியில் விரல்களை அகல விரிக்க வேண்டும். காற்றும் நிறைய வேண்டும். அதற்குப் பதிலாக அகாரத்தில் நீண்டு வழியும் ராக ஆலாபனை அதில்தான் சோபிக்கின்றது. வித்துவான் இதனை ஒரே வாக்கியத்தில் அடக்கினார்: “நாலு வீதி சுற்ற வேண்டுமானால் திமிரி, நாலு மணி நேரம் உட்கார வேண்டுமானால் பாரி.” ராஜரத்தினம் பிள்ளையின் மேதையால் உட்கார்ந்து கேட்கும் கலை ஓங்கியது. அதற்கு நாம் நன்றி சொல்ல வேண்டியவர்களே. அதற்காக வீதியைப் பாரியிடம் ஒப்படைத்து, அதன் பின்னால் ஜெனரேட்டர் வண்டியையும் ஒலிபெருக்கியையும் இழுத்துச் செல்வது என்ன நியாயம் என்று தெரியவில்லை. நம் பகுதி உற்சவ ஊர்வலத்தில் இரண்டு ஆண்டுகளாக இதைத்தான் செய்து வருகின்றோம்.

மரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். உலவுக்கு ஆச்சா மரமே உகந்தது; அணசுக்கு வாகை. கும்பகோணம் ஆதிகும்பேசுவரர் கோயிலில் கல்லால் ஆன நாகஸ்வரமே உண்டு என்பதைப் பலர் அறிவார்கள். ஆயினும் அது சிற்பியின் திறமைக்குச் சாட்சி, நாள்தோறும் தோளில் தாங்கும் வாத்தியம் அன்று. ஆச்சா மரத்திலும் புதிதாக வெட்டியது உதவாது. ஊதும்போது ஈரமும் சூடும் உள்ளே சென்று வெளியே காய்வதால், பச்சை மரம் வெடித்து விடும். ஆகவே நரசிங்கம்பேட்டை ஆசாரிகள், இடிக்கப்படும் பழைய வீடுகளின் தூண்களையும் உத்தரங்களையும் தேடி வாங்குகின்றார்கள். ஒரு தலைமுறை கூரையைத் தாங்கிய மரம் அடுத்த தலைமுறைக்கு ராகம் தாங்குகின்றது. ஆனால் அத்தகைய வீடுகள் இனி எத்தனை மிச்சம்? ஆச்சா உத்தரம் வைத்து யாரும் இப்போது வீடு கட்டுவதில்லை. 2022-இல் நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயருக்குப் பாதுகாப்பு வந்தது மகிழ்ச்சியே. மரத்துக்கு அது வழி செய்யாது. ஏற்கெனவே கடையப்பட்டு, பெட்டிகளில் உறங்கும் ஒவ்வொரு பழைய உலவும் அந்தக் காரணத்தினாலேயே மதிப்புடையதாகின்றது.

அந்தத் திமிரி என்ன ஆயிற்று என்று வாசகர்கள் கேட்பார்கள். மூதாட்டியார் அதனை விற்கவில்லை. வித்துவானின் சிஷ்யப் பிள்ளைக்கு வயது 17. ஊரில் கோயில் காலப் பூஜைக்கு வாசிப்பவன். அவன் அன்று அதைக் கீழே வைக்க மனமின்றி வைத்திருந்ததை அந்த அம்மாள் கவனித்திருந்தார். “எடுத்துக்கொண்டு போ தம்பி. உன் கையில் பேசட்டும். வருஷத்துக்கு ஒரு தடவை எனக்கு இங்கே வந்து வாசித்துக் காட்ட வேண்டும்” என்றார். பேரனுக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை என்பதையும் எழுத வேண்டும். குடும்பச் சொத்து கைமாறுகின்றதே என்று அவர் வருந்தினார். அந்த வருத்தத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. மூதாட்டியார் உரையான வேஷ்டியை மட்டும் மடித்துப் பெட்டியில் திரும்ப வைத்துக் கொண்டார்.

இதே நிலையில் வேறு வீடுகளும் நம் பகுதியில் இருக்கக் கூடும். அவர்களுக்குச் சில வார்த்தைகள். பழைய நாயனத்துக்கு வார்னிஷ் பூசாதீர்கள். சுவரில் ஆணி அடித்து மாட்டாதீர்கள். புணே மழைக்காலத்து ஈரத்திலும் அதன்பின் வரும் வறண்ட குளிரிலும் மரம் ஊறியும் சுருங்கியும் வெடிக்கும்; பருத்தித் துணியில் சுற்றி, வெயிலும் சுவர்ஈரமும் படாத அலமாரியில் வையுங்கள். வெடிப்பு இருந்தால் கடைப் பசையை ஊற்றி அடைக்க வேண்டாம்; கடைபவரிடம் காட்டுங்கள். வீட்டில் வாசிப்பவர் இல்லையென்றால், தமிழ்நாட்டில் பல மாவட்டங்களில் உள்ள அரசு இசைப் பள்ளிகளில் நாகஸ்வரம் பயிலும் ஏழைப் பிள்ளைகள் இருக்கின்றார்கள். பழனியில் தேவஸ்தானத்தின் பயிற்சிப் பள்ளியும் இருக்கின்றது. கொடுக்கும் எண்ணம் உள்ளவர்கள் நம் சங்க அலுவலகத்தில் சொன்னால், கோடை விடுமுறையில் ஊருக்குச் செல்லும் அன்பர் யாரேனும் பத்திரமாகக் கொண்டு சேர்ப்பார்.

வரும் பங்குனி உத்திர ஊர்வலத்துக்கு ஒலிபெருக்கி வண்டியை நிறுத்திவிட்டு, ஒரு திமிரி செட்டைத் தருவிப்பதென்று செயற்குழு யோசித்து வருகின்றது. மண்டபத்தில் மாலைக் கச்சேரிக்கு வழக்கம்போல் பாரி. இரண்டு செட்டுக்கும் ஆகும் செலவுக் கணக்கு அடுத்த மாதக் கூட்டத்தில் வைக்கப்படும். அபிப்பிராயம் உள்ளவர்கள் நேரில் வந்து சொல்லலாம். காது கூசும் என்று அஞ்சுபவர்களும் தவறாமல் வர வேண்டும்.